ஆட்டுரல் மேல் நின்ற கார்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவளுக்கு மனிதர்கள் கால்களாகத்தான் தெரிவார்கள். அன்று எனக்குத் தெரிந்தவை என் மாமியாரின் கால்கள். பித்தவெடிப்பு, இடது கட்டைவிரலில் எப்போதோ அரிவாள்மனை பட்ட தழும்பு. அந்தக் கால்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் தலைமாட்டில் நின்றன.

“ஏட்டி கோமதி, உரலு மேல எதைட்டி ஏத்தி வச்சிருக்க?”

“காரை, அத்தை.”

“உரலு மேல ஆளு உக்காந்தாலே குடும்பத்துக்கு ஆகாதும்பாக. நீ காரையே தூக்கி வச்சிருக்கியே! மகாலட்சுமிட்டி அது.”

“நான் உக்காரல அத்தை. காருதான் உக்காந்திருக்கு. வேணும்னா அதை எந்திரிக்கச் சொல்லுங்க.”

 கால்கள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போயின. உள்ளே பாத்திரங்கள் சத்தமாகப் பேச ஆரம்பித்தன. மாமியாருக்குக் கோபம் வந்தால் அவர் பேச மாட்டார், பாத்திரங்களைப் பேச விடுவார்.

போன வாரம் இந்தப் பத்தியில் டிரங்க் கால் காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “நடுவில் கார் ரிப்பேர் செய்ததாக ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்களே, உண்மையா?” என்று கேட்டிருக்கிறார். உண்மைதான். இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் நானே மாற்றினேன், ஸ்ரீவில்லிபுத்தூரில், வீட்டுத் தொழுவத்தில். யார் என்ன சொன்னாலும் மாற்றுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றினேன்.

காது படித்த படிப்பு

எனக்குப் பொறியியல் படிப்பு கிடையாது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் மற்றவர்களின் குரல்களுக்கு நடுவில்தான் வாழ்க்கை. வத்திராயிருப்புப் பக்கம் மழை பிடித்தால் லைனில் ஒரு கரகரப்பு வரும். ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, “அங்கே மழை” என்று நான் சொல்வேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் என்னைச் சூனியக்காரி என்பார்கள்.

அப்படிப்பட்ட காதுக்கு ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி, லீவில் வரும்போது ஊருக்கு ஓட்டி வந்தார். எண்பதுகளில் வந்து தெருவெல்லாம் நிறைந்ததே, முன்சக்கரம் இழுக்கும் அந்தச் சின்னக் கார்தான். இரண்டு மாத லீவில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நல்ல மனிதர். நேரில் கொடுக்கும் தைரியத்தைக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார், அது ஒன்றுதான் அவரிடம் குறை.

அந்தக் கார் எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா சோழபுரத்தில், தம்பி வீட்டில் இருந்தாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நாள் முழுக்கக் கட்டிலில். கார் வருவதற்கு முன் நான் அவளைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அதைவிடக் கஷ்டம், வீட்டில் கேட்க வேண்டும். “போன மாசந்தான போன?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். துணைக்கு யார் வருவார் என்று காத்திருக்க வேண்டும்.

கார் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பாட்டுக்குச் சாவியை எடுத்தேன், போனேன், விளக்கு வைக்கும் முன் வந்தேன். வாரம் தவறாமல். ஒருவரிடமும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அந்தச் சத்தம். நேராக ஓட்டினால் ஒன்றும் இல்லை. திரும்பும்போது மட்டும் முன்பக்கத்திலிருந்து டக், டக், டக், டக். மெதுவாகத் திரும்பினால் மெதுவாக, வேகமாகத் திரும்பினால் வேகமாக. அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. சோழபுரத்தில் எங்கள் தெரு முக்கில் கார் திரும்பும்போதே கட்டிலில் இருந்தபடி கேட்டுவிடுவாளாம். “வந்துட்டா, காப்பிக்கு வையி” என்று தம்பி பெண்டாட்டியிடம் சொல்லிவிடுவாளாம். நான் உள்ளே நுழையும்போது டம்ளர் தயாராக இருக்கும்.

எனக்கோ அந்தச் சத்தம் கேட்டாலே ஸ்டீரிங்கைத் திருப்பப் பயம். லைனில் இப்படி ஒரு சத்தம் வந்தால் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம். அது அறுந்துபோகும் முன் வரும் சத்தம்.

பெரியத்தானின் தீர்ப்பு

ராஜபாளையத்தில் குருசாமி என்ற மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“டிரைவ் ஷாஃப்ட்டு போச்சுக்கா. ரெண்டு பக்கமும். பொம்பளைக ஓட்டுனா ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சு ஒடிச்சுத் திருப்புவாக. தேஞ்சுபோகும்.”

“எனக்கு முன்னால அஞ்சு வருசம் ஒரு மிலிட்டரி ஆபீசர் ஓட்டினாரு. அவரு ஒடிக்கவே இல்லையோ?”

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. லாரிக்காரர், வேன்காரர், மில்காரர் எல்லோரும் பூஜைக்கு முன் வண்டியைச் சரிசெய்துகொள்ள வரிசையில் நின்றார்கள். “பூசை முடிஞ்சு, தீவாளியும் முடியட்டும்க்கா. பொறவு கொண்டாங்க. அதுவரைக்கும் ஓட்டாதிய, நடுரோட்டுல நிப்பாட்டிரும்” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தாமதம், என் வீட்டுக்காரரின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். பக்கத்து வீடு, பருத்தித் தரகு. மாமனார் இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கும் அவரே பெரியவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் ஓட்டும் தம்பி பெண்டாட்டி மேல் அவருக்கு இருந்த கோபத்தில் பாதிக்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

“மகாராஜபுரத்துல ஒரு தோப்புக்காரரு பழைய கார் கேட்டுக்கிட்டே இருக்காரு. தள்ளிவிட்டுருவோம். தம்பிக்கும் எழுதிட்டேன்” என்றார்.

என் வீட்டுக்காரரின் பதிலும் வந்தது. ‘அண்ணன் சொல்றபடி செய்யி.’ ஒரே வரி. கார் போனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போகும். மறுபடியும் ‘போன மாசந்தான போன?’ தொடங்கும். அம்மா கட்டிலில் கிடந்தபடி தெரு முக்கைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராகப் பெரியத்தான் வீட்டுக்குப் போனேன்.

“அத்தான், வண்டி ஓடாததுனாலதான விக்கணும்? நானே சரி பண்ணுதேன்.”

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். அவருக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

“சரி. கடைசிப் புரட்டாசிச் சனிக்கு எல்லாரும் திருவண்ணாமலைக்குப் போறோம்லா? அங்க வண்டி சத்தமில்லாம தானா வந்து நின்னா ஒங்கிட்டயே இருக்கட்டும். வரலேன்னா ஞாயித்துக்கெழம மகாராஜபுரத்துக்காரரு கயிறு கட்டி இழுத்துட்டுப் போவாரு.”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இது கிரிவலம் போகும் திருவண்ணாமலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் மலைப் பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அதாவது, நான் தோற்றால் ஊர் முன்னால் தோற்க வேண்டும். பெரியத்தான் யோசித்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

நெட்டையும் குட்டையும்

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. முதலாளி தெலுங்கு பேசுகிறவர். இரண்டு டிரைவ் ஷாஃப்ட் வேண்டும், வீட்டில் நானே மாட்டப் போகிறேன் என்றதும், கல்லாவில் இருந்த தன் மனைவி பக்கம் திரும்பி, “இதி ஈமெக்கெந்துக்கு?” என்றார். இது இவளுக்கு எதற்காம்.

நான் ராஜபாளையத்தில் படித்தவள். என் பெஞ்சில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. “நாகே காவால” என்றேன். எனக்குத்தான் வேண்டும்.

கல்லாவில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி பேசாமல் உள்ளே போனார். இடது பக்கத்துக்குப் புதிது இருந்தது. வலது பக்கத்துக்கு இல்லை. புது மூட்டு போட்டுச் சரிசெய்த பழைய ஷாஃப்ட் ஒன்று இருந்தது. கிரீஸ் வைத்து ரப்பர் உறையை நானே மாட்டிக்கொள்ள வேண்டும். உறைக்கு வேண்டிய கிளிப் ஒன்று குறைந்தது. கிளிப்பைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று மற்றதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஷாஃப்ட்டை மடியில் வைத்திருந்ததைப் பார்த்த கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடலாமா என்று யோசித்தார். என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

டிரைவ் ஷாஃப்ட் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கியர்பெட்டியிலிருந்து சுழற்சியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. பக்கத்துக்கு ஒன்று. இடது பக்கம் குட்டை, வலது பக்கம் நெட்டை. சக்கரம் திரும்பும்போதும் குதிக்கும்போதும் வளைந்துகொடுக்க, இரண்டு முனையிலும் நம் முழங்காலைப் போல் ஒரு மூட்டு. அந்த மூட்டு தேய்ந்தால் டக் டக்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொடங்கினேன். சேலையோடு காருக்கு அடியில் போக முடியாது. வீட்டுக்காரரின் பழைய பட்டாளத்துப் பேன்ட்டைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். பெரியத்தானுக்குக் காரைவிட அந்தப் பேன்ட்தான் அதிகம் வலித்தது. அன்றிலிருந்து தொழுவப் பக்கம் பார்க்காமலே நடந்து போனார்.

சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய நட்டு. ஷாஃப்ட்டைப் பிடித்திருப்பது அதுதான். காரைத் தூக்கும் முன்னே அதைத் தளர்த்த வேண்டும், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு யார் மிதிப்பார்? உலக்கையை எடுத்து வந்து, ஒரு முனையை பிரேக்கில் வைத்து மறுமுனையை சீட்டில் முட்டுக்கொடுத்தேன். ஸ்பானருக்குப் பின்னால் பழைய அடிபம்புக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்றேன். அசையவில்லை. குதித்தேன். அசையவில்லை. பெரியத்தான் வெற்றிலை மென்ற முகத்தை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை குதித்தேன். மடேர் என்று விட்டது.

ஜாக்கி ஒன்றுதான் இருந்தது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகிறவருக்கு ஆயுசு கெட்டி இல்லை. கிரைண்டர் வந்த பிறகு கொல்லையில் சும்மா கிடந்த இரண்டு ஆட்டுரலை உருட்டி வந்து, மேலே பழைய கதவுப் பலகையைப் போட்டு, காரை அதன் மேல் இறக்கினேன். மறுநாள்தான் மாமியாரின் கால்கள் வந்தன. முதலில் சொன்னேனே, அந்தக் காட்சி.

தப்பு செய்யாமல் இல்லை. கியர் ஆயிலை முதலில் வடிக்க வேண்டும் என்பதை மறந்து இடது ஷாஃப்ட்டை நெம்பி இழுத்தேன். முழங்கை வழியாக அக்குள் வரை ஆயில் ஓடியது. மூன்று நாள் அந்த வாடை போகவில்லை. எக்ஸ்சேஞ்சில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டே “நம்பர் ப்ளீஸ்” சொன்னாள்.

புதன்கிழமை இருட்டுவதற்குள் இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்தைக் கழற்றி வைத்தேன். கழற்றிய பழைய மூட்டை, எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வருகிறது என்று பார்க்கும் ஆசையில் பிரித்தேன். உள்ளே ஆறு இரும்பு உருண்டைகள். ஒவ்வொன்றாகச் சாய்த்து வெளியே எடுத்தேன். அவை ஓடும் பள்ளம் அம்மைத் தழும்பாகக் குழிந்திருந்தது. இத்தனை வாரம் என்னைப் பயமுறுத்தியது இதுதானா என்று ஒரு திருப்தி. அந்த வெட்டி ஆர்வம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

வலது பக்கத்துக்கு வாங்கி வந்த ஷாஃப்ட்டின் மூட்டில் கருப்பு கிரீஸை விரலால் திணித்தேன். கிளிப் இல்லாததால் உறையை மாட்டாமல், செய்தித்தாளில் சுற்றித் தொழுவத்தில் வைத்தேன். வியாழக்கிழமை ஆயுத பூஜை. ஆயுதத்தைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வந்து மாட்டினால் சனிக்கிழமை காலையில் கோயில். கணக்குச் சரியாக இருந்தது.

புளியும் செங்கல் பொடியும்

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து தொழுவத்தைப் பார்த்தேன். ஷாஃப்ட் இல்லை. ஸ்பானர், ஜாக்கி, அடிபம்புக் குழாய் எதுவும் இல்லை. எல்லாம் பூஜை அறையில் இருந்தன. முதல் நாள் நான் டியூட்டி முடிந்து ராத்திரி படுக்கத்தான் வந்தேன்; அதற்கு முன்பே மாமியார் எடுத்துக்கொண்டு போய் வரிசையாக வைத்துப் பூஜை போட்டிருந்தார். அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் என் ஷாஃப்ட். மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம், தலைப்பில் ஒரு செவ்வந்திப் பூ.

குத்துவிளக்கைவிட அது பளபளத்தது.

“அத்தை, இதை என்ன செஞ்சீங்க?”

“கறுப்புச் சேறா அப்பிக் கெடந்துச்சுட்டி. சாமி முன்னால அழுக்கோடயா வைப்பாக? புளி போட்டு, செங்கப்பொடி போட்டு, இண்டு இடுக்கெல்லாம் தென்னங்குச்சி விட்டுத் தேச்சேன். எம்புட்டு நேரம் தெரியுமா? கை விட்டுப்போச்சு.”

மூட்டைக் கையில் எடுத்துத் திருப்பினேன். கரக். இன்னொரு பக்கம் திருப்பினேன். கரக், கரக். ஆறு உருண்டைக்கும் நடுவில் செங்கல் பொடி. ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. இதை இப்படியே மாட்டினால் திருவண்ணாமலை போவதற்குள் புது மூட்டு பழைய மூட்டாகிவிடும்.

அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், தொழுவத்து மண்ணில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“பெரியத்தான் சொல்லிக் குடுத்துச் செஞ்சீங்களா?”

மாமியார் நின்ற இடத்திலேயே நின்றார். இந்த முறை பாத்திரம் உருளவில்லை.

“நான் புத்தி இல்லாதவதான்ட்டி” என்றார். “வஞ்சகம் இல்லாதவ.”

அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. முப்பது வருடமாகச் சமையலறையில் பாத்திரத்தை உருட்டியே தன் பக்கத்து நியாயத்தைப் பேசி வந்தவர் அவர். அன்று வாயைத் திறந்து பேச வேண்டிய நிலைக்கு நான் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. கேட்காமல் விட்டதற்குச் சாக்குச் சொல்லப் போவதில்லை.

அவரே ரேஷன் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுப்புக்கு ஒரு சொட்டுக்கூட வீணாக்க விடாதவர், அகலமான தாம்பாளத்தில் கடகடவென்று ஊற்றினார்.

“சொல்லு. இப்ப என்ன செய்யணும்?”

பழைய மூட்டைப் பிரித்த விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. ஒவ்வோர் உருண்டையாகச் சாய்த்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கள் பக்கத்துத் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்வதால் வீட்டுக்கு வீடு அந்தத் துணி கிடக்கும். அதைக் கிழித்து அவர் உருண்டைகளைத் துடைத்தார். நான் பள்ளங்களைத் துடைத்தேன். அழுக்குப் படாத வெள்ளைத் துணியில் செம்மண் நிறம் வந்துகொண்டே இருந்தது. அது நிற்கும் வரை விடவில்லை.

“ஒண்ணு, ரெண்டு… ஆறு. ஆறுதானாட்டி?”

“ஆறுதான் அத்தை.”

துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அவர் சொன்னார். “எங்க ஆத்தா செத்தப்ப எனக்குச் சேதி வந்து, வண்டி கெடைச்சு, நான் போயிச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாக. மொகம் பாக்கல.”

 அவர் ஆறு உருண்டைகளையும் மறுபடி முதலிலிருந்து துடைத்தார்.

டப்பாவின் அடியில் மீந்திருந்த கிரீஸை வழித்து, உருண்டைகளைத் திரும்ப உட்காரவைத்து, மூட்டை நிறைத்தேன். உறையை இழுத்து மாட்டினேன். கிளிப்புக்குக் கடை தேடிப் போக நேரமில்லை. கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். காதருகில் வைத்து மூட்டைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மாமியாரும் காதை நீட்டினார். அவருக்கும் கேட்கவில்லை. கேட்காததில் எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

ஷாஃப்ட் உள்ளே போனது. கியர் ஆயில் ஊற்றினேன். காரை உரலிலிருந்து இறக்கினேன். பெரிய நட்டை இறுக்கும் வேலைதான் பாக்கி. பழையபடி உலக்கையை எடுத்து வந்தேன்.

“உரல எடுத்த, பொறுத்துக்கிட்டேன். உலக்கையுமாட்டி?” என்று மாமியார் அதைப் பிடுங்கினார். “எதை மிதிக்கணும்னு காட்டு. நான் மிதிக்கேன்.”

அறுபது வயதில் முதன்முறையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தார். நான் குழாயில் தொங்கினேன். சக்கரம் இம்மியும் நகரவில்லை. வெளியில் விளக்கு வைக்கும் நேரம். வேலை முடிந்தது என்று சொன்ன பிறகும் செத்த நேரம் அவர் காலை எடுக்கவில்லை.

மூன்று சுற்று

சனிக்கிழமை மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு ஓட்டினேன். மலையடிவாரத்தில் வண்டிகள் நிற்கும் பொட்டலில் பெரியத்தான் குடும்பத்தோடு காத்திருந்தார். அவர்களெல்லாம் வேனில் வந்திருந்தார்கள்.

நான் நேராகப் போய் நிறுத்தவில்லை. நேராக ஓட்டினால் எந்தக் காரும் பேசாது. அவர் முன்னால் போய் ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்தேன். பொம்பளைகள் ஒடிப்பார்களாமே, அப்படி. மூன்று சுற்று சுற்றினேன். பிறகு இடது பக்கம் ஒடித்து மூன்று சுற்று. புழுதி கிளம்பியது. கூட்டம் ஒதுங்கியது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்த ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காரிலிருந்து ஒரு டக் வரவில்லை.

இறங்கினேன்.

“சத்தம் கேட்டுச்சா அத்தான்?”

பெரியத்தான் துண்டால் புழுதியைத் தட்டிக்கொண்டார். “இப்ப கேக்கல. பொறவு வந்துச்சுன்னா?”

“வந்துச்சுன்னா பொறவும் மாத்துவேன்.”

“அது சரி. மகாராஜபுரத்துக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்கு வாராரு. சாவியக் குடு.” கையை நீட்டினார்.

எனக்கு ஒரு நிமிடம் காது அடைத்துவிட்டது. ஊர் முன்னால் வைத்த பந்தயம், ஊர் முன்னாலேயே இல்லை என்றாகிவிட்டது. காரில் சாவி இல்லை. என் கையிலும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமியார் தன் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டிருந்தார்.

“ஏலே” என்றார் மூத்த மகனைப் பார்த்து. “வண்டி வந்தா அவகிட்டயே இருக்கட்டும்னு சொன்னது யாரு?”

“ஒனக்கு இதெல்லாம் தெரியாதும்மா.”

“எனக்கா தெரியாது? பிரேக்க மிதிச்சது நானுலே. உள்ள ஆறு உருண்ட இருக்கு. ஆறையும் தொடச்சது நானு. ஒனக்கு அதுல ஒண்ணு எங்க இருக்குன்னு தெரியுமா?”

பெரியத்தான் நீட்டிய கை அப்படியே இருந்தது. மாமியார் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார்.

“மகாராஜபுரத்துக்காரருக்கு வேற வண்டி பாரு. நாளைக்கு நாங்க சோழபுரம் போறோம். சம்மந்தியப் பாத்து நாளாச்சு.”

சொல்லிவிட்டு மலைப் படியில் ஏறத் தொடங்கிவிட்டார். நான் வீட்டுக்காரருக்கு அன்றே பதில் எழுதினேன். அவர் பாணியிலேயே ஒரு வரி. ‘உங்க அம்மா சொல்றபடி செஞ்சாச்சு.’

மறுநாள் சோழபுரத்தில் தெரு முக்கில் திரும்பி, வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு பேரும் உள்ளே போனோம். காப்பி தயாராக இல்லை. அம்மா என்னைப் பார்த்ததும் திகைத்துப்போனாள்.

“எப்பட்டி வந்த? சத்தமே கேக்கலையே.”

“சத்தத்தைக் கழட்டி எறிஞ்சுட்டேன்மா.”

அவள் சிரிக்கவில்லை. விழாத பக்கத்துக் கையால் என் விரல்களைப் பிடித்தாள். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது. “அப்ப நீ வாரது எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரு முக்கில் ஹாரனை அழுத்தினேன். விடாமல், வீடு வரும் வரை. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, தெருவில் எல்லோருக்கும் தொந்தரவாக இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து சொன்னார். தம்பியும் சொன்னான். எல்லோரும் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டேன். அம்மா இருந்த நான்கு வருடமும், அந்த முக்கில் ஹாரன் அடிக்காமல் நான் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.